நாலுக்கு வந்தாச்சா?

"நாலுக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாற்காலியில் இருப்பவருக்கு உடனே ஒரு போன் வருகிறது. மணி அடிக்கவில்லை, திரை ஒளிரவில்லை. ஆனாலும் அவர் அதை எடுத்துக் காதில் வைத்து, "ஆங், சொல்லுங்க... இல்லல்ல, நீங்க சொல்லுங்க" என்றபடி எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறார். இவர் நகர்வதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் குறிப்பை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். போனவர் திரும்பி வரும்வரை படிப்பார். எங்கள் தளத்தில் தீப்பிடித்தால் யார் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்பது முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தப்பிப்பதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் காதில் எதையாவது மாட்டிக்கொள்வார். இன்னொருவர் கழிவறைக்குப் போவார். சாப்பிடுகிறவர்களை இவர் தொந்தரவு செய்ய மாட்டார் என்பதைக் கண்டுபிடித்த ஒரு பெண், மேசை ஓரத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் வைத்திருக்கிறாள். இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு கடி. ஒரே பிஸ்கட் மூன்று நாள் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவரை 'நாலு சார்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கும் தெரியும். ஒருமுறை போனை எடுத்து அவரே "நாலு பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

வயது ஐம்பத்து மூன்று. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். பையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. மூக்கில் இருப்பது புதியது, பையில் இருப்பது பழையது. புதியது வாங்கி ஏழு மாதம் ஆகிறது. "சரியாத்தான் தெரியுது. இருந்தாலும் கொஞ்ச நாள் ரெண்டும் இருக்கட்டுமே" என்பார். முக்கியமான எதையும் இரண்டாலும் ஒருமுறை பார்த்த பிறகுதான் நம்புவார்.

நான் அதே தளத்தின் கோடியில், லேபிள் அச்சிடும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. முன்பு ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்குத் தப்பாது என்று யாரோ சொல்லி, அச்சாகி வரும் சீட்டுகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க இங்கே வைத்தார்கள். பேச வேண்டாத வேலை. பேசாதவள் ஒருத்தி அறையில் இருப்பது மற்றவர்களுக்கு மறந்துவிடும். அதனால் எல்லாம் காதில் விழும்.

இங்கே மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்கிறார்கள். நோயாளியைப் பதிவது, டாக்டரைப் பார்க்க நேரம் கொடுப்பது, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, குழாய் லேபிள் என்று பதினோரு வேலை, பதினோரு குழு. எல்லாக் குழுவுக்கும் நோயாளியின் வயது வேண்டும், அடுத்து வர வேண்டிய தேதி வேண்டும். பதினோரு பேரும் அதைத் தனித்தனியாக எழுதினால் பதினோரு விதமாக வரும் என்று, ஒரே இடத்தில் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை லைப்ரரி என்கிறார்கள். புத்தகம் எதுவும் கிடையாது. அதை எழுதுகிறவர், பார்த்துக்கொள்கிறவர், அதற்காகத் திட்டு வாங்குகிறவர் எல்லாமே நாலு சார்தான்.

அதன் மூன்றாம் பதிப்பிடம் வயதைக் கேட்டால் மாதக் கணக்கில் சொல்லும். நான்காம் பதிப்பு நாள் கணக்கில் சொல்லும். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்கா இரண்டு வருஷம் ஆளைப் பிடித்து ஆட்டுகிறார் என்று முதலில் நானும் நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர், புதுத் திரைகளைப் பழகிக்கொள்ள இங்கே வந்திருந்தார். எல்லோரும் விளக்கி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு இவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வயசு எழுதினது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா."

"உங்க மெஷினுக்கு ரெண்டு நாள் குழந்தையும் இருபத்தெட்டு நாள் குழந்தையும் ஒண்ணுதானா? ரெண்டுக்குமே 'சைபர் மாதம்'னு அடிக்குது. பெத்தவளைப் போய்க் கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணான்னு."

இவர் ஒரு தாளை இழுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"மஞ்சள் காமாலை டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து அனுப்புறோம். ரெண்டு நாள் குழந்தைக்கு அந்த அளவு பரவாயில்லை. இருபது நாள் குழந்தைக்கு இருந்தா விட முடியாது. லேப்ல இருக்கறவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒவ்வொரு குழாய்லயும் பேனாவுல நாளை எழுதி அனுப்புறேன். ஈரக் கை பட்டா அழிஞ்சிடுது."

அன்று மத்தியானம் இவர் சாப்பிடவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நாலு. எட்டு மாதத்தில் எழுதி முடித்துவிட்டார். மற்றவர்களை அதற்கு வரவைக்கத்தான் மீதிக் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

வருவது சும்மா இல்லை. ஒரு குழுவின் நிரலில், அதாவது கம்ப்யூட்டருக்கு அவர்கள் எழுதிவைத்திருக்கும் கட்டளைகளில், வயதைக் கேட்கும் இடம் இருபது முப்பது இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே வேண்டியது நாளா மாதமா என்று யோசித்து மாற்ற வேண்டும். இதையெல்லாம் விளக்கிப் பதினாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எல்லோருக்கும் அனுப்பினார். யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் அச்சிட்டு, டீ மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வைத்தார். ஒரு வாரம் கழித்து எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அஞ்சாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காங்கம்மா. பாரு, கறை இருக்கு."

கோப்பை வைத்த டீ வளையம் அது. ஐந்து பக்கம் ஊறிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னாலும், டீ குடித்துக்கொண்டே படித்திருப்பார்கள் என்பார்.

குறிப்பைப் படிக்காமல் முதலில் வந்தது பதிவுக் குழு. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறித்திருக்கும் வரியில் மூன்றை அழித்து நான்கு போட்டார்கள். ஒரு எழுத்து வேலை. கைதட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். ஒத்திகைத் திரையில் ஆறு மாதக் குழந்தை ஒன்றைப் பதிந்தபோது, நாலு அதன் வயதை நூற்று எண்பத்து மூன்று என்றது, நாள் கணக்கில். இவர்கள் அதை மாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வயது முடிந்த நோயாளி என்று முடிவுசெய்த திரை அடுத்த கேள்விக்குப் போனது: திருமணமானவரா? புகைப்பழக்கம் உண்டா?

பதிவுக் குழுவின் மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் என் மூலைவரை கேட்டது.

"சார்! உங்க நாலு எங்க கைக்குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கப் பாக்குது! என்ன சார் இது?"

"மூணாம் பக்கத்துல எழுதியிருந்தேனே மேடம்..."

"அதையெல்லாம் படிச்சிட்டு உக்காந்திருந்தா நாங்க எப்ப சார் வேலை பாக்குறது?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர் "நகருங்க மேடம்" என்று சொல்லி, அவர்கள் நாற்காலியில் தானே உட்கார்ந்து, இருபத்திரண்டு இடத்தையும் தானே மாற்றிக் கொடுத்தார். ஓர் இடத்தில் மாதம் வேண்டியதற்கு நாள் என்று ஊகித்துவிட்டார். அவர்கள் வேலை இவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் கழித்து அது வெளியே தெரிந்தபோது, எங்கே தேடுவது என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. "நாங்க எழுதலையே. சார்தானே எழுதினாரு?" என்று கூசாமல் சொன்னார்கள். இவர் அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருப்பது இந்த இடத்தில்தான். ஊர் உலகத்தை எல்லாம் நாலுக்கு வா, நாலுக்கு வா என்று கூப்பிடுகிறார். அதே நேரத்தில், "சார், மூணுலயே ஒரு சின்னத் திருத்தம் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க" என்று யாராவது குழைந்தால், அன்று மாலைக்குள் செய்து கொடுத்துவிடுகிறார். பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, ஓட்டையை அடைத்து, விளக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, புது வீட்டுக்கு ஏன் யாரும் வரவில்லை என்று வாசலில் நின்று பார்க்கிறார். ஒருநாள் பொறுக்காமல் அவரிடம் நானே சொன்னேன். நான் அங்கே சொன்ன முதல் நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"சார், மூணைக் கொஞ்சம் கெட விடுங்களேன்."

பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடச் சொன்னது போல என்னைப் பார்த்தார். "அதை நம்பி இன்னும் எத்தனை டீம் இருக்காங்களேம்மா" என்றார்.

தினமும் நாலு மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், குரல் கணீரென்று இருக்கும். ஒலிபெருக்கியை அணைக்கும் பொத்தானை இவர் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. "என்னங்க, வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல அந்த நாலோடயே குடித்தனமா?" என்பது தளம் முழுவதும் கேட்கும். "இதோ கிளம்பிட்டேன்" என்பார். கிளம்ப மாட்டார். "அந்த இதோவை எத்தனை வருஷமா கேக்குறேன்" என்று போன் சொல்லும். பிஸ்கட் பெண் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் மேடம் அவரைக் கூப்பிட்டார். மேடம் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. அவர் அறைக்கதவு மூடாது என்பதால் எனக்குக் கேட்டது.

"சார், மூணையும் நாலையும் சேத்து ரெண்டு அடுப்பு எரிக்க இனிமே ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை மூணு மணி. பதினோரு டீமும் நாலுக்கு வந்தா மூணை மூடிடலாம். ஒரு டீம் நின்னாலும் நாலை எடுத்துடறோம். எல்லாரும் பழையபடி மூணு."

"மேடம், ஒன்பது டீம் வந்தாச்சே..."

"பதினொண்ணு சார்."

"அப்போ அந்தப் பச்சைக் குழந்தைங்க..."

"எனக்குப் புரியுது சார். அதுக்காகத்தானே ரெண்டு வருஷம் விட்டேன்? வெள்ளிக்கிழமை."

சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. பதினோரு குழுவுக்கும் பதினோரு கட்டம். வந்தவை பச்சை, வராதவை சிவப்பு. செவ்வாய்க்கிழமை தடுப்பூசிக் குழுவும் பச்சையானது. மிச்சம் ஒரே ஒரு சிவப்பு: லேபிள் குழு. அதாவது, அந்த நர்ஸ் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கும் அதே குழாய் லேபிள். எது முதலில் வந்திருக்க வேண்டுமோ அது கடைசியில் நின்றது.

லேபிள் குழுவின் தலைவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். அவருக்குப் பெயர் 'அடுத்தவாரம்'. எது கேட்டாலும் அதுதான் பதில் என்பதால் வந்த பெயர். கெட்டவர் இல்லை. மூன்றே பேரை வைத்துக்கொண்டு நாற்பது ஆஸ்பத்திரிக்கு லேபிள் பார்க்கிறார். ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு மெஷின், ஒவ்வொரு அளவுத் தாள். நாளெல்லாம் யாராவது போனில் திட்டிக்கொண்டே இருப்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, அது காய்ந்து போகும்வரை அவர் பேசிக்கொண்டிருப்பதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை இவர் அவரிடம் மூன்று தடவை போனார்.

"தம்பி, நாலு..."

"சார், அடுத்த வாரம் கண்டிப்பா..."

"அடுத்த வாரம் நாலே இருக்காது தம்பி."

அடுத்தவாரம் முதல்முறையாகத் தலையைத் தூக்கி முழுதாகப் பார்த்தார். "என்ன சார் சொல்றீங்க?"

இவர் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். "சுவத்துல பச்சையா வரணும், அவ்வளவுதானே சார்?" என்றார்.

"ஆமா தம்பி. வந்துட்டா போதும்."

இவர் சொன்னது ஒன்று, அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. அப்போது எனக்கும் அது தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பதினோராவது கட்டம் பச்சையானது. யாரோ கைதட்டினார்கள். பிஸ்கட் பெண் தன் பிஸ்கட்டை முழுதாக ஒருவருக்குக் கொடுத்தாள். நாலு சார் அடுத்தவாரத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ராத்திரியெல்லாம் முழிச்சியா தம்பி? கண்ணெல்லாம் எப்படி இருக்கு பாரு" என்றார். அடுத்தவாரம் கீழே பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும் சார், இருக்கட்டும் சார்" என்றார்.

பச்சையானால் எனக்கு வேலை வரும். என் பட்டியலில் நாற்பது கற்பனை நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லேபிள் அடித்துப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்காரர் சரி. பன்னிரண்டு வயதுக்காரி சரி. பட்டியலில் ஏழாவது, பிறந்து ஒன்பது நாளான குழந்தை. சீட்டு வந்தது. வயது: சைபர் மாதம்.

இன்னொரு தடவை அடித்தேன். சைபர் மாதம்.

அவரிடம் போனேன். யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா. பாத்தியா, பதினொண்ணும் பச்சை!" நான் சீட்டை நீட்டினேன். புதுக் கண்ணாடியால் பார்த்தார். அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிப் பார்த்தார்.

"ஒன்பது நாள் குழந்தையா இது?"

"ஆமா சார்."

"பழைய சீட்டை எடுத்துட்டு வந்துட்டியோ?"

"இல்ல சார். இப்பதான் வந்துது. சூடு இருக்கு பாருங்க."

சீட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் திரைக்குத் திரும்பி லேபிள் குழுவின் நிரலைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் அசைவது நின்றுவிட்டது.

லேபிள் குழு நாலுக்கு வரவே இல்லை. மூன்றை அப்படியே நகலெடுத்துத் தங்கள் வீட்டுக்குள்ளே ஓர் அறையில் வைத்துக்கொண்டு, அதன் நெற்றியில் 'நான்கு' என்று எழுதியிருந்தார்கள். சுவர்த் திரை நெற்றியை மட்டும்தான் பார்க்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

"இந்தச் சீட்டை வேற யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

எனக்கு அவர் நினைப்பது புரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். லேபிள் குழுவை விட்டால் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளை மூன்று மணிக்கு மேடம் பதினோரு பச்சையைப் பார்ப்பார், மூன்றை மூடுவார், நாலு பிழைத்துக்கொள்ளும். லேபிளை அப்புறம் மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்த வாரம். அப்படி நினைத்த கையோடு எனக்கே சுருக்கென்றது.

அந்தச் சீட்டு ஒட்டும் சீட்டு, குழாய் லேபிள்தானே. அவர் எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தார். நகத்தால் பின் தாளை உரித்தார். பதினோராவது பச்சைக் கட்டத்தின் மேல் சீட்டை ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார்.

மேடம் அறையிலிருந்து வெளியே வந்தார். கிட்டே போய்ச் சீட்டைப் படித்தார்.

"நீங்களே ஒட்டினீங்களா சார்?"

"ஆமா மேடம். பத்துதான் வந்திருக்கு."

அடுத்தவாரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இது! பச்சையா வந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கென்ன ஆசையா இப்படிப் பண்ணணும்னு? நாலு போயிடும்னு சொன்னீங்களேன்னுதான் பண்ணேன். நீங்க ரெண்டு வருஷமா அலையறதைப் பாத்துட்டுத்தான் பண்ணேன்!"

பொய்யில்லை. நாலு சாரும் அதை நம்பினார் என்று நினைக்கிறேன். "தெரியும் தம்பி" என்றார்.

மேடம் இருவரையும் பார்த்தார். "நாளைக்கு மூணு மணி. அதுல மாத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு சார் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு லேபிள் குழுவின் மேசைக்குப் போனார். அடுத்தவாரம் எழுந்து தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். விசைப்பலகையையும் துடைத்து வைத்தார். எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். இத்தனை வருஷமாக நடந்ததும் அதுதான். சார் உட்கார்ந்தால் அரை மணி நேரம்.

"நீங்க உக்காருங்க தம்பி" என்றார்.

"சார், எனக்கு இது..."

"எந்த லேபிள் எந்த வார்டுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. பதிவுக்காரங்களுக்கு நான் எழுதிக் குடுத்து என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? உங்களுக்குத்தான் தெரியும். உக்காருங்க."

அடுத்தவாரம் உட்கார்ந்தார். இருபத்தாறு இடம். லேபிள் குழுவில் மற்ற இருவரும் நாற்பது ஆஸ்பத்திரியின் போனையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் இடத்துக்கே முக்கால் மணி நேரம் ஆனது. அவர் தட்டுவதைப் பார்க்கப் பார்க்க நாலு சாரின் வலது கை தானாக எழுந்து விசைப்பலகைப் பக்கம் போனது. பாதி வழியில் பிடித்து இழுத்துக்கொண்டார். இன்னொரு தடவை போனது. மூன்றாம் தடவை போனபோது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இங்க நாளா சார், மாசமா?"

"நீங்க சொல்லுங்க."

"இது... பிரசவ வார்டுக்குப் போற லேபிள். நாளுதான் வேணும்."

"அப்போ?"

"இந்தப் பெரியவங்க லேபிளுக்கு வருஷமே போதும். இங்க பெரியவங்க, குழந்தைங்க ரெண்டும் வருதே, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன பண்றது?" அடுத்தவாரம் மேசையில் கிடந்த பதினாலு பக்கத்தை இழுத்துப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்று இரண்டு தடவை படித்தார். "சார், இது அன்னைக்கே எழுதியிருக்கீங்களே!"

நாலு சாரின் முகத்தில் ஓடியதை எழுத எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு இடம் முடிந்திருந்தது. அடுத்தவாரத்துக்கு வேகம் பிடிபட ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு இருபது. தளத்தில் ஒருவரும் மாடிப்படிப் பக்கம் போகவில்லை. பதிவு மேடம்கூடத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரைக்கு மேலாளர் மேடம் வந்து பின்னால் நின்றார்.

"சார், இன்னும் ஆறு இடம்தானே? நீங்க அடிச்சா அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்தான் மேடம்."

"பின்ன?"

அவர் கையை எடுக்கவில்லை. நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார். நெற்றியில் வேர்வை. அதைத் துடைக்கவும் கையில்லை. எனக்கு எழுந்து போய் உலுக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வருஷம், அந்த நர்ஸ், சாப்பிடாத சாப்பாடு, டீக்கறை படிந்த பதினாலு பக்கம், எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்த மனிதர் கைமேல் உட்கார்ந்திருக்கிறார்!

மூன்று மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது என் மெஷின் ஓடியது. ஏழாவது குழந்தையின் சீட்டு வந்தது. வயது: ஒன்பது நாள். மீதி முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. எல்லாம் சரி. சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

மேடம் சுவர்த் திரையிலிருந்த பழைய சீட்டைப் பிய்த்து எடுத்தார். அடியில் பச்சை இருந்தது. "சரி சார், மூணை மூடிடுங்க" என்றார்.

அடுத்தவாரம் நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டார். காலையிலேயே நாலு சார் தன் பெயரில் திறந்து வைத்திருந்த திரையில், மூன்றாம் பதிப்பை நிறுத்தும் பொத்தான் தயாராக இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் கையை எடுக்கவில்லை. அடுத்தவாரத்தைப் பார்த்து, முகவாயால் அந்தப் பொத்தானைக் காட்டினார்.